பூச்சி இல்லாத சுவர்

விண்ணப்பத்தில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம்.
பெருமாள்மலையில் பொழுதை யாரும் போக்க வேண்டியதில்லை.
மஞ்சு ஏறினால் ஐந்தரைக்கே
அதுவாகப் போய்விடும்,
வத்தலக்குண்டு பஸ்ஸில் சீட்டுப் பிடித்ததுபோல.

அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பேன் என்று எழுதினேன்.
எழுதியதை அடித்தேன்.
‘வாசிப்பு’ என்று போட்டேன், எல்லோரையும் போல.

இரவு எட்டுக்கு மேல்
லூர்துராஜ் பேக்கரியின் பச்சைச் சுவரில்
ட்யூப்லைட்டுக்குக் கீழே வந்து அமரும்.
தமிழில் இவற்றுக்குப் பெயர் இருக்கலாம், எனக்குத் தெரியாது.
ஃபோல்டருக்குப் பெயர் வேண்டுமே என்று
நானே வைத்தேன்:
காக்கி நிறத்தது தபால்காரர்.
இறக்கையில் இரண்டு வட்டம் உள்ளது முறைச்சான்.
தொட்டால் விரலில் மாவாய் ஒட்டுவது கோலப்பொடி.
இன்னொன்று உண்டு, தண்ணீர்த்தொட்டி ஆபீஸின்
நீலச் சுவரில் மட்டும், எந்நேரமும் தலைகீழாய்.
அதற்கு எங்கள் துறைத்தலைவர் பெயர்.

மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்.
முத்தரசி முகம் பார்த்து வருகை பதியும் செயலி செய்தாள்
(கண்ணாடியைக் கழற்றினால் அவளே அன்று லீவு).
நான் எழுநூற்றுப் பன்னிரண்டு படங்களைக் கொடுத்தேன்.
லேப்டாப் விடிய விடிய படித்தது.
காலடியில் வைத்துக்கொண்டேன்;
அந்த டிசம்பரில் எனக்குக் கால் விறைக்கவில்லை.

தொண்ணூற்றாறு சதவீதம் சரி என்றது.
கரண்ட் போய் வந்த பிறகும் தொண்ணூற்றாறு.
பீன்ஸ் மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டே
‘மீதி நாலு?’ என்றார் அப்பா.

மறுநாள் மழை. ஒரு பூச்சியும் வரவில்லை.
சும்மா சுவரைக் காட்டினேன் அதற்கு.
ஈரம், கிழித்த போஸ்டரின் பசை, பச்சை.
தபால்காரர், என்றது. தொண்ணூற்றொன்பது.
நீலச் சுவருக்குப் போனேன்.
துறைத்தலைவர், என்றது, தயங்காமல்.

குடைக்குள் நின்று சிரித்தேன்.
கொஞ்ச நேரம்தான்.

அது பூச்சியைப் பார்க்கவே இல்லை,
இறக்கையின் ஒரு கோட்டைக்கூட.
எந்தச் சுவரில் யார் உட்காருவார் என்பதை மட்டும்
மனப்பாடம் செய்திருக்கிறது.
திட்ட வாய் வரவில்லை.
ஐந்து வருட வினாத்தாளை அடுக்கி வைத்து
மூன்றாம் யூனிட்டில் பதிமூன்று மதிப்பெண்ணுக்கு
எது வரும் என்று சொன்னவள் நான்; வந்தது.
ஹேஷ் டேபிளுக்கு வரையறை கேட்டால்
மூச்சு விடாமல் மூன்று வரி ஒப்பிப்பேன்.
கல்லாவிலிருந்து திரும்பாமலே
இருபது டப்பாவில் ரஸ்க் உள்ள டப்பாவுக்கு
நேராய்ப் போகிற லூர்துராஜின் கையை
ஆறு வருடமாய்ப் பார்த்தும்
அதுதான் இது என்று தோன்றவில்லை.
எனக்கும் ஒரு பச்சைச் சுவர் இருந்திருக்கிறது.

இந்த வாரம் புதிதாய் ஒரு ஃபோல்டர்.
எங்கள் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதால்
எல்லோருக்கும் முன்னால் அது.
பெயர்: ஒன்றுமில்லை.
பச்சைச் சுவர் நாற்பது படம், நீலம் நாற்பது,
பாசி பிடித்த சர்ச் மதில் பதினெட்டு.
வெறும் சுவரை எடுப்பது எளிதில்லை;
எங்கேயாவது ஓர் எறும்பு போய்க்கொண்டிருக்கும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லூர்துராஜ் கேட்டார்:
‘அங்க என்னம்மா எடுக்கற?’
‘ஒண்ணுமில்லண்ணே.’
சுவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை.
ட்யூப்லைட்டை அணைக்காமல் போனார்.

பத்து மணி இருக்கும், ஒன்று வந்து உட்கார்ந்தது.
தபால்காரர், என்றேன் வாய்க்குள்.
போனைப் பையில் போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.
காக்கியே இல்லை.
உரித்துப் போட்ட மலைப்பூண்டின் உள்தோலில்
ஓரமாய் ஓடுமே ஓர் ஊதா,
அது.